எதிர் நாற்காலி

எம்.பி.ஏ. முடித்து ஒன்றரை வருடமாக வேலை தேடும் யாமினிக்கு, பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியின் அந்தக் கம்பெனியில் இது இன்டர்வியூவின் கடைசி ரவுண்டு. கண்ணாடி அறையில் பாலகுமார் என்பவர் மட்டும் இருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"கே.ஜி.எஃப். சார். தினமும் ரயில்ல வந்துதான் தேடுறேன்."

"எல்லாரும் ஆளைக் குறைக்கிற நேரத்துல உங்களை ஏன் எடுக்கணும்?"

"என்ன வேலை குடுத்தாலும் செய்வேன் சார். எவ்ளோ நேரம் ஆனாலும் இருப்பேன்."

அவர் முகம் வெளுத்தது. கூரையிலிருந்த கேமராவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நானும் இதையேதான் சொன்னேன்."

யாமினிக்குப் புரியவில்லை. "ரிசல்ட் எப்ப சார் சொல்வீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கே இன்னும் சொல்லலைம்மா. நானும் இன்டர்வியூக்கு வந்தவன்தான்."

"விளையாடாதீங்க சார். எப்ப வந்தீங்க?"

ஜன்னலில் வெயில் கொளுத்தியது. அதையே பார்த்தபடி, "நான் வந்தப்ப மழைக்காலம்," என்றார்.

கூரை ஸ்பீக்கர் கரகரத்தது. "பாலகுமார், அடுத்த ரவுண்டுக்கு உள்ளே வாங்க. யாமினி, அவர் சீட்ல உக்காருங்க. அடுத்த கேண்டிடேட் வராங்க."

பாலகுமார் ஃபைலை எடுத்துக்கொண்டு உள்கதவைத் திறந்தார். அங்கே இன்னொரு கண்ணாடி அறை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள்.

யாமினி வெளிக்கதவைப் பார்த்தாள். அது பூட்டியிருக்கவில்லை. "இந்த வாட்டியாவது கிடைச்சிடுமாடி?" என்று காலையில் அம்மா கேட்டது நினைவுக்கு வந்தது. எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், அவர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"குட் மார்னிங் மேடம்," என்று சிரித்தபடி ஒருவன் உள்ளே வந்தான்.

யாமினி ஒருமுறை கேமராவைப் பார்த்துக்கொண்டாள்.

"எந்த ஊருப்பா?"