தூக்கிட்டா!

“நம்ம மருமக தங்கத்தைத் தூக்கிட்டா!”

கீழ் வீட்டு அம்மா போனில் அலறியது மாடிக்கே கேட்டது. மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள் கழுத்துச் சங்கிலியை இறுகப் பிடித்தபடி கீழே ஓடினாள். அந்த அம்மாவின் கன்னமெல்லாம் கண்ணீர்.

“அழாதீங்கம்மா. அவ இப்ப எங்க?”

“வெளிநாட்டுல.”

“அடிப்பாவி! பிளேன் ஏறியே போயிட்டாளா?”

“வருஷ ஆரம்பத்துலயே வெள்ளியைத் தூக்கினா. இதோட விடமாட்டான்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“அப்பவே கண்டிச்சிருக்கக் கூடாதா?”

“கண்டிக்கறதா? தங்கத்தைத் தூக்காம வீட்டுப் படி ஏறாதேன்னு அனுப்பி வெச்சதே நான்தானே!”

மாடிக்காரி வாசல் பக்கம் ஓரடி பின்வாங்கினாள். குடும்பமே கூட்டுக் களவாணியா?

“போ... போலீஸுக்குத் தெரியுமா?”

“அவளே போலீஸ்தான்மா!”

அந்த அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் டிவி முன்னால் நிறுத்தினார்.

மறு ஒளிபரப்பில், வண்டிச் சக்கரம் போன்ற எடைகள் மாட்டிய கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அசையாமல் நின்றாள் ஒருத்தி. திரையின் அடியில், ‘இந்த ஆண்டின் உலக சாம்பியன்’ என்று எழுத்து ஓடியது. எடையைத் தொப்பென்று கீழே போட்டவள், கேமராவைப் பார்த்துக் கத்தினாள்:

“அத்தே, தூக்கிட்டேன்!”

மாடிக்காரியின் கைகள் சங்கிலியை விட்டுவிட்டுத் தாமாகத் தட்ட ஆரம்பித்தன.