தாடிக்குள் ஒரு படிகம்

"மழிச்சிட்டுப் பேசு," என்று டாக்டர் ஜெயபாலன் சவரக்கத்தியைக் கூட்டமேசைமேல் தள்ளினார். எதிரே சுகுமாரன் ஒரு கையால் தாடியைப் பொத்திக்கொண்டு நின்றான். சுற்றி உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

ஈப்போவுக்கு வெளியே, பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழுந்த மருந்துத் தொழிற்சாலை அது. டாக்டர் அதன் ஆய்வுத் தலைவர். சுகுமாரன் பெரிய கலனில் கரைசலைக் கலந்து மருந்தைப் படிய வைப்பவன்.

குறைமாதத்தில் பிறந்த மகள் பிழைத்தால் தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயிலில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டு அவன் வளர்த்த தாடி. மகள் பிழைத்துவிட்டாள். தைப்பூசத்துக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

மாத்திரைக்குத்தான் கெட்ட காலம். மருந்தும் ஓர் அமிலமும் கைகோத்து, இடைவெளி விட்டு அடுக்கி நின்றால்தான் அந்தப் படிகம் வயிற்றில் கரையும். ஒரு மாதமாக மருந்து அமிலத்தைக் கழற்றிவிட்டு, தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு செங்கல்லாக இறுகுகிறது. அதே மருந்து, அதே அளவு. விழுங்கினால் போனபடியே வெளியே வந்துவிடும்.

"கெட்ட படிகம் ஒரு துகள் போதும். மொத்தக் கரைசலும் அதப் பாத்து அதே மாதிரி அடுக்கிக்கும்," என்று பாடம் நடத்தினார் டாக்டர். "அந்தத் துகள் எங்க இருக்கு? இந்தக் காட்டுக்குள்ள."

"தாடிக்கு வலை போட்டுத்தான் சார் உள்ள போறேன். தினம் ரெண்டு தடவ சோப்புப் போட்டுக் கழுவுறேன் லா."

"அப்ப நானா கொண்டாந்தேன்?"

 கெட்ட படிகம் முதலில் வந்த பீப்பாய்க்குள் தலையை நுழைத்துப் பார்த்தவர் டாக்டர்தான். கிட்டப் போய்ப் பார்க்காதவன் விஞ்ஞானியா என்று அன்றைக்கு ஒரு சொற்பொழிவும் ஆற்றினார். அதிலிருந்து தினமும் கலன்மேல் குனிந்து மேற்பார்வை வேறு.

தொழிற்சாலையில் வலைத்தொப்பி போடாத ஒரே தலை அவருடையது. அறுபதை நெருங்கியும் ஒரு நரை இல்லாத தலை. பெரிய மனிதரின் தலை. அதைப் போய் யார் மூடச் சொல்வது?

"வடிகட்டியில கறுப்பு முடி ஒண்ணு மாட்டியிருக்கு. ஃபர்சானா லேப்ல சோதிச்சிட்டு வாரா. அதுக்குள்ள மழிச்சா வேலை மிஞ்சும். இல்லேன்னா உன் ஊரு சுங்காய்க்கே போயி தோட்டத்துல செம்பனைப் பழம் பொறுக்கு."

"ஒரு வாரம் பொறுங்க சார். புள்ளைக்காகச் சாமிக்கு நேந்துக்கிட்டது."

"உன் சாமிக்குப் படிகத்தப் பத்தி என்னா தெரியும்?"

மகளுக்குப் பால்மாவு வாங்கியாக வேண்டும். சுகுமாரன் கத்தியை எடுத்தான். சாமியிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தண்ணீர்கூடத் தடவாமல் வலக்கன்னத்தை மழித்தான். முடி கற்றையாக மேசைமேல் விழுந்தது.

அவன் கண் கலங்கியது. டாக்டர் கைப்பேசியில் மணி பார்த்தார்.

கதவு திறந்தது. லேப் ஃபர்சானா உள்ளே வந்தாள்.

"அந்த முடியில கெட்ட படிகம் இருந்துச்சா?" என்றார் டாக்டர்.

"நெறையா ஒட்டிக்கிட்டு இருக்கு சார். எல்லாம் அந்த மொத பீப்பாய்ல வந்த படிகம்தான்."

டாக்டருக்கு முகம் மலர்ந்தது. "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா? சுகு, மிச்சக் கன்னத்தையும் முடிச்சிட்டு, ராஜினாமாவ எழுதிக் குடுத்திட்டுப் போ."

ஃபர்சானா சுகுமாரனின் பாதித் தாடியைப் பார்த்தாள். பிறகு டாக்டரின் நெற்றிக்கு மேலே பார்த்தாள்.

"அது முடியே இல்ல சார், நைலான்."