சொந்த அனுபவம் சேர்க்கவும்

“சொந்த அனுபவம் சேர்க்கவும்” என்று சிவப்பு மையில் எழுதி, கட்டுரையைத் திருப்பிக் கொடுத்திருந்தார் டீச்சர்.

தலைப்பு, சாலைப் பாதுகாப்பு. திங்கட்கிழமை காலை கொடுக்க வேண்டும். நன்றாக எழுதியவரை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கில் வாசிக்க வைப்பார்களாம்.

ஞாயிறு மதியம். என் மகள் சரண்யாதேவி நோட்டைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்திருந்தாள். நான்காம் வகுப்பு. நான் பீரோவில் சாய்ந்து எதிரே உட்கார்ந்திருந்தேன். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டீச்சர் இந்த ஆண்டு புதிதாக வந்தவர். என் மனைவி நாகஜோதி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து இறந்தவள் என்பது அவருக்குத் தெரியாது.

ஐந்து வருடம் ஆகிறது. அன்று சரண்யா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நான்கு வயது. ஆஸ்பத்திரியில் யாரோ கொடுத்த க்ரீம் பிஸ்கட்டைத் தவிர அந்த நாளில் எதுவும் அவளுக்கு நினைவில்லை.

அதற்கு மேல் எதுவும் அவளுக்குத் தெரிய வேண்டாம். இந்த ஐந்து வருடத்தில் நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

“பஸ் படியில தொங்கிட்டுப் போற பசங்களைப் பத்தி எழுதேன். கோரிப்பாளையத்துல தினமும் பாக்குறோம்ல.”

“அது அந்த அண்ணன்களோட அனுபவம்ப்பா.”

“சரி, சிக்னல்ல நிக்கிற போலீஸ்காரர்?”

“அதை விக்ரம் எழுதிட்டான். எனக்குத்தான் நெசமாவே ஒண்ணு இருக்குல்ல.”

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு எழுதினாள்.

‘என் அம்மா தலைக்கவசம் அணியாமல் வண்டியில் சென்றார். அதனால் இறந்து போனார்.’

நல்ல கையெழுத்து. ஒரு பிழைகூட இல்லை.

கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

“முடிச்சுட்டுப் போங்க” என்று கைலியைப் பிடித்தாள்.

உட்கார்ந்தேன்.

அந்த வரிக்குக் கீழே பென்சிலில் சின்னதாக ‘ஏன்?’ என்று போட்டாள்.

அது நான் சொல்லிக் கொடுத்தது. ஜூன் மாதம்வரை அவள் கட்டுரை எதுவும் மூன்று வரியைத் தாண்டியதில்லை. ஒரு வரி எழுதியதும் கீழே பென்சிலில் ஏன் என்று போடு, அதற்குப் பதில்தான் அடுத்த வரி, கடைசியில் பென்சிலை அழித்துவிடு என்றேன். பிடித்துக்கொண்டாள். மரம் வளர்ப்போம் என்ற கட்டுரைக்குப் பத்துக்கு எட்டு. மழைநீர் சேகரிப்புக்கு ஒன்பது. பக்கத்து வீட்டு நாகரத்தினம் சார் என்னைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார்.

“ஏன்ப்பா போடல?”

“தெரியல.”

“தெரியலன்னு எழுதுனா டீச்சர் அந்த வரிய அடிச்சு விட்ருவாங்க.” நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். “பெரியம்மா சொல்லுச்சு, அம்மா தலை நெறயப் பூ வச்சிருந்துச்சாம். கசங்கிரும்னு ஹெல்மெட்டக் கழட்டிருச்சாம். அதை எழுதவா?”

சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் யாரையும் மறுத்ததில்லை. மறுத்தால், பிறகு ஏன் என்று கேட்பார்கள்.

இப்போதும் தலையாட்டினால் போதும். கட்டுரை முடிந்துவிடும்.

“என் அம்மா பூவுக்காக...” என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். நிறுத்தினாள். “அம்புட்டு லூசாப்பா எங்கம்மா?”

மைக்கில் அவள் அதை வாசிப்பதை நினைத்துப் பார்த்தேன்.

“இல்ல” என்றேன். “நான்தான் வேணாம்னேன்.”

“ஏன்?”

“பக்கத்துலதானே போறோம்னு.”

“நீங்க போட்டிருந்தீங்களா?”

“போட்டிருந்தேன்.”

எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள். ஏதாவது திட்டுவாள் என்று நினைத்தேன். நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

வேகமாக எழுதினாள். பென்சிலைத் தொடவே இல்லை. முக்கால் பக்கம் வந்தது. முடிவுரைக்கு மட்டும் கொஞ்சம் நின்றாள்.

‘எனவே, அப்பாக்கள் தாங்கள் மட்டும் தலைக்கவசம் அணிந்துகொண்டு வண்டி ஓட்டக் கூடாது.’

இதுவரை அவள் எழுதியதில் இதுதான் நல்ல கட்டுரை.

அடியில் பெற்றோர் கையொப்பம் என்று ஒரு கோடு இருந்தது. நோட்டைத் தரையில் என் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட்டேன். மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டாள்.

“பெரியம்மா வீட்டுக்குப் போறேன்.”

“வண்டியில கொண்டுவிடவா?”

செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போனாள்.

அன்று நாகஜோதி பூ வைத்திருந்தாள். ஹெல்மெட்டும் போட்டிருந்தாள். கீழக்குயில்குடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம். கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது, தனக்கும் தொப்பி வேண்டும் என்று சரண்யா அழ ஆரம்பித்தாள். சமாதானம் ஆகவில்லை. வீடுதான் வந்துவிட்டதே என்று நாகஜோதி தன்னுடையதைக் கழற்றி அவள் தலையில் மாட்டினாள். அந்தச் சின்னத் தலையில் அது நிற்கவில்லை. முன்னால் சரிந்து கண்ணை மறைத்தது. உள்ளேயிருந்து சரண்யா சிரிக்கும் சத்தம் கேட்டது.

எங்கள் தெரு திரும்பும் இடத்தில் ஒரு வேகத்தடை. ஏறுவதற்கு முன் கண்ணாடியில் பார்த்தேன். நாகஜோதி என்னைப் பிடித்திருக்கவில்லை. கம்பியையும் பிடித்திருக்கவில்லை. பிள்ளையின் தலையிலிருந்து அது விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு கைகளாலும்.