ஊசிக்கண்

வாங்கியவர் திருப்பி அனுப்பிய, சேகரிப்பாளர்கள் தேடும் விளையாட்டுக் கார்டைச் சுகிர்தா ஜன்னல் வெயிலுக்கு நேரே பிடித்தாள். அதில் அச்சிட்டிருந்த டிராகனின் கண்ணிலிருந்த ஊசித்துளை வழியே ஒரு வெளிச்சப் புள்ளி அவள் உள்ளங்கையில் விழுந்தது. ஆன்லைனில் வாங்குகிறவர்கள் அசலை வைத்துக்கொண்டு போலியைத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, விற்கும் கார்டுகளில் அவள் போட ஆரம்பித்த அடையாளம் அது. ஏமாற்றுகிறவர்கள் பயப்படட்டும் என்று அதைத் தன் விற்பனைப் பக்கத்திலேயே எழுதியும் வைத்திருந்தாள். அந்த விற்பனைத் தளத்தை நடத்தும் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, போலி வந்திருக்கிறது என்றாள்.

"கண்ணுல உங்க ஓட்டை இருக்கா மேடம்?"

"இருக்கு."

"அப்ப உங்க கார்டுதானே."

அவள் அனுப்பிய அசல், எங்கு தேடினாலும் கிடைக்காத கார்டு. அதனாலேயே அதைக் குத்த அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை.

"இந்த ஒண்ண மட்டும் நான் குத்தல சார்."

"குத்தாம எப்படி மேடம் ஓட்டை வரும்?"

ஃபோனை வைத்த பிறகும் கார்டைக் கீழே வைக்க முடியவில்லை. கார்டைத் திருப்பத் திருப்ப, புள்ளி சுவரில் அலைந்தது, தரையில் ஓடியது, மேஜையில் ஏறி, அடுத்து அனுப்ப எடுத்துவைத்திருந்த, இன்னும் துளை போடாத கார்டின் கண்ணில் போய் நின்றது. பக்கத்திலேயே ஊசி இருந்தது.