முழு வாக்கியம்

சட்டைக் காலரில் குத்திய கருவி ஒரு மாதமாகப் பவுன்ராஜின் பேச்சைக் கேட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தது. ஆங்கிலத் தேர்வுக்குத் தனி அறையெல்லாம் இப்போது கிடையாது. முழு வாக்கியமாக ஆங்கிலம் பேசினால் மார்க் ஏறும். ஒரு தமிழ்ச் சொல் வந்தாலும் இறங்கும். கழற்றினால் தேர்வே ரத்து. ஏழு எடுத்தவனுக்குத்தான் வெளிநாட்டுக் கப்பல் பட்டறையில் வேலை.

இன்று கடைசி நாள். பவுன்ராஜுக்கு ஆறரை. மச்சினன் தொபியாசுக்குச் சரியாக ஏழு.

"தொரமாரு ரெண்டு பேரும் வந்துட்டாவ, வழி விடுங்கல!" என்று காலையிலேயே பட்டறைக் கிரேன்காரன் கேலி செய்தான். இருவரும் தங்கள் காலர் கருவியைத் தொட்டுக் காட்டிவிட்டு நடந்தார்கள்.

மதியம் சங்கிலி நழுவி இரும்புத் தகடு சரிந்தது. கீழே தொபியாஸ் நின்றான். வேறு நாளாக இருந்தால் "ஏல, தள்ளு!" என்று பவுன்ராஜ் கத்தியிருப்பான்.

"எக்ஸ்கியூஸ் மீ தொபியாஸ், யூ ஷுட் மூவ் அவே..."

சொல்லி முடிப்பதற்குள் தகடு தொபியாசின் பாதத்தில் விழுந்தது. பவுன்ராஜின் காலரில் பச்சை விளக்கு எரிந்தது. ஏழு.

ஓடிப் போய்ப் பார்த்தான். தொபியாசுக்குக் கண் பிதுங்கியது, வேர்த்துக் கொட்டியது, சத்தம் மட்டும் வரவில்லை. கையுறையை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

பவுன்ராஜ் தன் காலரில் இருந்ததைப் பிய்த்து எறிந்தான். பிறகு தொபியாசின் காலருக்குக் கையை நீட்டினான். தொபியாஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

பவுன்ராஜ் பிடுங்கிவிட்டான்.

"கத்துல மாப்ள," என்றான். "அம்மான்னு கத்து."