நாலாவது பேர்

செபத்தில் முதல் மூன்று பேருக்கும் அருளாயி ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டாள். நாலாவது பேர் தெக்லா.

சூசைநாதன் முழங்காலை மாற்றி ஊன்றிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

செம்பனைத் தோட்டத்தில் கிறிஸ்தவ வீடுகள் ஐந்து. காய்ச்சலானாலும் கடும் மழையானாலும் செபமாலை விட்டுப்போகாத வீடு இது ஒன்றுதான் என்று அவருக்குப் பெருமை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். முதல் பாதியை அவர் சொல்வார், பின்பாதியை அவர் மனைவி அருளாயி சொல்வாள். மணிகள் எல்லாம் உருண்டு முடிந்ததும், குடும்பத்தில் செத்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் பேர் சொல்லி வேண்டிக்கொள்வார்கள். அப்பா. அம்மா. காய்ச்சலில் போன தலைச்சன் பிள்ளை. நித்திய இளைப்பாற்றி கேட்பது அவர். முடிவில்லாத ஒளி கேட்பது அவள்.

தெக்லாவை அந்த வரிசையில் சேர்த்துப் பதினான்கு மாதம் ஆகிறது.

அவள் சாகவில்லை. லோரி ஓட்டும் பாலனோடு புக்கிட் பெலிம்பிங்குக்குப் போய், இந்துக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே சூசைநாதன், மூன்று பேரைச் சொன்ன வாயால் நாலாவதாக மகள் பேரையும் சொன்னார்.

“உசுரோட இருக்கற புள்ளைக்கு இந்தச் செபத்துல பதில் சொன்னா என் நாக்கு அழுகிப் போயிடும். நீங்களே சொல்லிக்குங்க” என்றாள் அருளாயி.

சொல்லிக்கொண்டார். முதல் பாதியும் அவரே, பின்பாதியும் அவரே. அவள் உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு மாதா சுரூபத்தையே பார்ப்பாள். ஏசிப் பார்த்தார். ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டும் பார்த்தார். அந்த வாய் திறக்கவில்லை.

ஒற்றை ஆளாகச் சொன்னால் அது மேலே ஏறுமா, கூரைத் தகரத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடுமா என்று அவருக்கே சந்தேகம். அவள் பதில் சொல்லும்வரை மகள் பாதிதான் செத்தவள். அவரும் பாதி தோற்றவர்.

லயத்து வரிசை வீடுகளுக்கு நடுவே பலகைச் சுவர்தான். இந்தப் பக்கம் செபித்தால் அந்தப் பக்கம் நல்லம்மாளுக்குக் கேட்கும். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறவளா அவள்?

“ஏண்ணே, ஒங்க சாமிக்குக் கண்ணு தெரியாதா? போன வாரம் சந்தையில பாத்தேன், எட்டு மாச வயிறு. செத்தவ முருங்கைக் கீரைக்குப் பேரம் பேசிக்கிட்டு நிக்கிறா லா!”

“என் வீட்டுச் செபம், என் வீட்டுச் செத்தவங்க. நீ ஒன் வேலையப் பாரு.”

மாதத்துக்கு ஒருமுறை பூசைக்கு வரும் சாமியாரிடம் மட்டும் அவர் இதைச் சொன்னதில்லை. சொன்னால் என்ன கிடைக்கும் என்று தெரியும்.

இன்று அவர் செம்பனைக் காட்டிலிருந்து திரும்பியபோது அடுப்பு மூட்டியிருக்கவில்லை. தேத்தண்ணியும் இல்லை. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி ஆள் விட்டுக் கூப்பிட்டார் என்று போனவள், இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தாள். வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மெழுகுவத்தியைக் கொளுத்தி மண்டியிட்டாள். இது என்ன புது வீம்போ என்று அவரும் கேட்கவில்லை.

“தெக்லாவோட ஆத்துமத்துக்கு” என்று தொடங்கி, முதல் பாதியைச் சொல்லி நிறுத்தினார். வழக்கம்போல மற்றதையும் தானே சொல்ல மூச்சை இழுத்தார்.

அதற்குள் அருளாயி சொன்னாள்.

ஒரு சொல் விடாமல், நிதானமாக, ஆமென் வரைக்கும்.

சூசைநாதன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பதினான்கு மாதம்! கடைசியில் படிந்துவிட்டாள்.

நெஞ்சில் ஏதோ ஒன்று தளர்ந்தது. தளர்ந்த இடத்தில், அவரே எதிர்பாராமல், கொஞ்சம் இரக்கமும் வந்தது. இவளே இறங்கி வந்த பிறகு நான் எதற்கு இன்னும் முறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? கிறிஸ்மஸ் வரைக்கும் சொல்வோம். அப்புறம் பேரை எடுத்துவிடலாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரைக்கும் வரட்டும். உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

“இப்பத்தான் ஒனக்குப் புத்தி வந்துச்சு” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

அருளாயி எழுந்திருக்கவில்லை. மெழுகுவத்தியைப் பார்த்தபடியே பேசினாள்.

“கிராணி ஆபீசுக்குப் போன் வந்துச்சு. பொறந்த புள்ள பொழச்சிக்கிச்சாம். தெக்லாவ நாளைக்குப் பத்து மணிக்குச் சுடுகாட்டுக்கு எடுத்துடுவாங்களாம்.”

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“திரும்பச் சொல்லுங்க” என்றாள். “இத்தன நாளு நீங்க சொன்னது வேற. இப்பச் சொல்லுங்க, நான் பதில் சொல்றேன்.”

சூசைநாதன் வாயைத் திறந்தார்.

அருளாயி காத்திருந்தாள்.