புரியாத படம்

நாற்பத்து மூன்றாவது அட்டையையும் அவள் இடது கையால் தள்ளிவிட்டாள். அது கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

நேற்று இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டி அவன் வரைந்த ஜன்னல் படம். குனிந்து எடுத்துத் தூசியைத் தட்டினான். அடுத்ததை நீட்டினான். மின்விசிறி.

அதுவும் இல்லையாம். தலையை ஆட்டினாள்.

விபத்தில் பட்ட அடி அவன் மனைவியின் வலது கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போய்விட்டது. மற்றவர்கள் பேசுவது புரிகிறது. எழுதச் சொன்னால் எழுத்து பிடிபடவில்லை. வாயைத் திறந்தால் ஒரே சத்தம்தான் வருகிறது.

கண் விழித்த நாளிலிருந்து அவள் எதையோ கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இடது கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, ஏதோ அளவு காட்டுவது போலத் தாழ்த்திப் பிடிக்கிறாள். முக்காலி வேண்டுமா என்று ஒருநாள் கேட்டான். அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக அவனை அடித்தாள்.

சாயங்காலம் ஆனால் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோய், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுவாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடச் செத்துத் தொலையலாம் என்றிருக்கும் அவனுக்கு.

படம் போட்ட அட்டைகளைக் காட்டுங்கள், வேண்டியதை அவரே தொட்டுக் காட்டட்டும் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். கடையில் கட்டாகவே கிடைக்கிறது என்றும் சொன்னார். வேண்டாம், நானே வரைகிறேன் என்று இவன் பிடிவாதமாக நின்றான்.

அவனோ லிஃப்ட் மெக்கானிக். அதுவரை வரைந்ததெல்லாம் வயரிங் படம்தான். ஸ்கேல் இல்லாமல் கோடு வராது.

பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் போடுகிற ஓர் அம்மாள் போனில் பாடம் எடுக்க ஒப்புக்கொண்டார். காலையில் நூறு கோடு, நூறு வட்டம். பிறகு ஒரு பொருள். போட்டோ பிடித்து அனுப்பினால் மதியத்துக்குள் குறை நிறை வந்துவிடும்.

நிறை என்று முதலில் ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாள் முகத்துக்காகப் பேசுகிற ஆள் இல்லை. டம்ளரைப் பார்த்து மோட்டாரா என்று கேட்டார். தலைவலிக்காக வரைந்த ஆள் சந்தோஷமாகப் பல் தேய்ப்பது போல இருக்கிறாராம்.

பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தினான். வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வரைந்தான். போர்வை, மாத்திரை, சீப்பு, செருப்பு, கழிப்பறை. ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மெல்ல மெல்ல டம்ளர் டம்ளராயிற்று. செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு போகலாம் போல வந்தது.

“பொருளெல்லாம் நல்லா வருது. முகம்தான் நாலு வாரமா பாக்கி. வீட்டு ஆளுங்கள்ல இருந்து ஆரம்பிங்களேன்” என்று இன்று காலை அந்த அம்மாள் போனில் குரல் பதிவு அனுப்பியிருந்தார். முகம் கைக்கு வர மாட்டேன் என்கிறது என்று பதில் போட்டான்.

ஐம்பதாவது அட்டையும் தள்ளப்பட்டது. காட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை.

அவள் எக்கி, அவன் சட்டைப்பையில் இருந்த பென்சிலைப் பிடுங்கினாள். மடியில் கிடந்த அட்டையைத் திருப்பிப் போட்டு, பழக்கமில்லாத இடது கையால் வரைய ஆரம்பித்தாள்.

ஒரு வட்டம். நெளிந்து நெளிந்து, ஒருவழியாகச் சேர்ந்தது.

வட்டத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு சடை. ஒரு சடையின் நுனியில் ரிப்பன். மற்றதில் இல்லை. எவ்வளவு இறுக்கிக் கட்டி அனுப்பினாலும் வீடு திரும்பும்போது அந்தப் பக்கத்து ரிப்பன் தொலைந்திருக்கும்.

ஒரு நாள்கூடப் பயிற்சி எடுக்காத கை. படம் அச்சு அசலாக இருந்தது.

மகளுக்கு ஏழு வயது. அன்றைக்கு ஸ்கூட்டரில் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவளை அடக்கம் செய்த மறுநாள்தான் இவள் கண் விழித்தாள். என்ன கேட்கிறாள் என்பது முதல் சத்தத்திலேயே அவனுக்குத் தெரியும். கொஞ்ச நாள் போகட்டும் என்று டாக்டர் சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு, அந்த ஒரு படத்தைத் தவிர உலகத்தில் உள்ள அத்தனையையும் வரைந்துகொண்டிருந்தான்.

அவள் அட்டையை அவன் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இத்தனை நாளில் முதன்முறையாக அவள் முகம் தெளிந்திருந்தது.

அவன் அதை வாங்கினான். அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“என்னன்னு தெரியலையேம்மா” என்றான். “இன்னொரு அட்டையில போடு, பாக்கலாம்.”